வறுமை எந்தக் கதையையும் எழுதவில்லை

எழுத்தாளரோ இசையமைப்பாளரோ நாடகக்காரரோ, யாரை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தாலும் இன்று முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆரம்ப காலத்துல ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாமே?" அவர் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பிப்பார். சாப்பிடாமல் படுத்த இரவுகள், வாடகை கொடுக்க முடியாமல் காலிசெய்த வீடு, அடகுக்குப் போன மனைவியின் நகை. குரல் கம்முகிற இடத்தில் கேமரா முகத்துக்கு அருகே போகும். பின்னணியில் வயலின் ஒலிக்கும். அந்தக் காட்சிதான் மறுநாள் சேனலின் முகப்புப் படம். ஒரு மணி நேரப் பேச்சில் முக்கால் மணி நேரம் இப்படிக் கழிந்த பிறகு, எழுந்திருக்கும் நேரத்தில் இன்னொரு கேள்வி வரும்: "கடைசியா, உங்க புதுப் புத்தகத்தைப் பத்தி ஒரே வரியில சொல்லுங்க." நான்கு வருடம் உழைத்து எழுதிய நாவலுக்கு ஒதுக்கப்படுவது அந்த ஒரு வரி.

இதைப் பேட்டி எடுப்பவரின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. கேட்பவர், சொல்பவர், பார்க்கும் நாம் என்று எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. கஷ்டப்பட்டால்தான் கலை வரும். வயிறு காய்ந்தால்தான் பேனா ஓடும். வசதி வந்துவிட்டால் எழுத்து செத்துப்போகும். படித்தவர்களும் படிக்காதவர்களும் இதை ஒரே குரலில் சொல்கிறார்கள். இரங்கல் கூட்டங்களில் சொல்கிறார்கள், விருது விழாக்களில் சொல்கிறார்கள், கலைஞர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். இந்த நம்பிக்கை பொய். பொய்யாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். கலைஞருக்குச் சேர வேண்டியதைச் சேரவிடாமல் தடுக்கும் வேலையையும் அது செய்துகொண்டிருக்கிறது. அதனால்தான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கைக்காரர்கள் முதலில் காட்டும் சாட்சிகளையே எடுத்துக்கொள்வோம். பாரதி, கு.ப.ரா., புதுமைப்பித்தன். மூவரும் வறுமையில் வாழ்ந்தார்கள், மூவரும் மகத்தான படைப்பாளிகள், ஆகவே வறுமை மகத்துவத்தின் தாய் என்பது வாதம். இந்த மூவரின் வயதை யாராவது கூட்டிப் பார்த்திருக்கிறார்களா? பாரதி 1921இல் இறந்தபோது 39 நிறையவில்லை. கு.ப.ரா. 1944இல் கால் நோயால் இறந்தபோது வயது 42. புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தபோதும் 42. வறுமை இந்த மூவருக்கும் என்ன கொடுத்தது என்று விரிவாகப் பேசுகிறோம். அது எடுத்துக்கொண்டது என்ன என்று கணக்குப் போடுவதில்லை.

போட்டுப் பார்ப்போம். கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' எழுதி வெளியிட்டது 1976இல். அப்போது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வந்தபோது அவருக்கு 45 வயது. லா.ச. ராமாமிர்தத்துக்கு 'சிந்தாநதி'க்காக சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது எழுபதைக் கடந்திருந்தார். இவர்கள் மூவரும் 42 வயதில் போயிருந்தால் இந்த நூல்கள் இல்லை. புதுமைப்பித்தனுக்கு இன்னொரு முப்பது ஆண்டு கிடைத்திருந்தால் தமிழ் நாவல் எங்கே போயிருக்கும்? 'அன்னை இட்ட தீ' என்று அவர் தொடங்கிய நாவல் முடிவடையாமலே நின்றுவிட்டது. அந்த முற்றுப்பெறாத நாவல்தான் வறுமை நமக்குத் தந்தது. முடித்துவைத்த கதைகளெல்லாம் அவர் அதையும் மீறி நமக்குத் தந்தவை.

அவர் எப்படி இறந்தார் என்பதையும் நேராகப் பார்க்க வேண்டும். பத்திரிகை வேலையில் கிடைத்த வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. பிழைப்புக்காக சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். சொந்தமாகப் படம் எடுக்கும் முயற்சியும் கைகூடவில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனேயில் தங்கியிருந்தபோது காசநோய் முற்றியது. அங்கிருந்து திருவனந்தபுரம் வந்து அங்கேயே உயிர் பிரிந்தது. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்திருக்கின்றன. அவற்றைப் படிப்பவர்கள், துன்பத்தில் திளைத்துக் கலை வளர்த்த ஒரு மனிதரை அங்கே பார்க்க முடியாது. ஊரில் இருக்கும் மனைவிக்கு எப்போது பணம் அனுப்ப முடியும், எவ்வளவு அனுப்ப முடியும் என்று கவலைப்படும் ஒரு கணவரைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கவலை தின்ற நேரமும் கதை எழுதியிருக்க வேண்டிய நேரம்தான்.

பாரதிக்கு வருவோம். சமையலுக்கு இருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்டுப் பாடிய கதை எல்லோருக்கும் தெரியும். மேடையில் சொல்கிறோம், சினிமாவில் காட்டுகிறோம், குழந்தைகளுக்கு நெகிழ்ச்சியோடு சொல்லித்தருகிறோம். அன்று அந்த வீட்டில் உலை வைக்க வேண்டியிருந்த மனைவி செல்லம்மாவைப் பற்றி அந்தக் கதை சொல்லும் யாரும் ஒரு நிமிடம் நிற்பதில்லை. அதே பாரதி 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அது ஏன் நம் பாடப்புத்தகங்களில் இல்லை? தன் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடப்போவதாக அதில் திட்டம் போட்டிருக்கிறார். முதலுக்குக் கடன் கேட்டிருக்கிறார், வட்டி தருவதாகவும் சொல்லியிருக்கிறார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு தன் நூல்கள் விலைபோகும் என்று நம்பியிருக்கிறார். அந்த அறிக்கையை எழுதியவர் வறுமையைக் கவிதைக்குத் தேவையான உரமாக நினைக்கவில்லை. அதிலிருந்து வெளியே வர வழி தேடினார். தன் உழைப்புக்கு விலை உண்டு என்று கணக்கோடு சொன்னார். பதில் வரவில்லை, பணமும் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இல்லை. குருவிக்கு அரிசி போட்ட பாரதியை நாம் கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பாரதி நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. கடன் கேட்ட பாரதியை மறந்ததற்கும் காரணம் இருக்கிறது. அவர் கேட்டார், அன்றைய தமிழ்ச் சமூகம் கொடுக்கவில்லை.

அடுத்து, வசதி எழுத்தைக் கொல்லும் என்ற வாதம். சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ் உரைநடையை வளர்த்தவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து அகில இந்திய வானொலிக்குப் போனவர். லா.ச.ரா. வங்கி ஊழியர். வண்ணதாசனும் வங்கி ஊழியர். இந்திரா பார்த்தசாரதி பேராசிரியர். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தியவர். நாஞ்சில் நாடன் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பணியில் ஊர் ஊராகச் சுற்றியவர். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. இமையம் பள்ளி ஆசிரியர். பெருமாள்முருகன் அரசுக் கல்லூரி ஆசிரியர். இவர்களில் யாரும் செல்வந்தராகப் புரளவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, அல்லது கல்லாவில் காசு விழுந்தது. அந்தப் பாதுகாப்பின் மேல் உட்கார்ந்துதான் எழுதினார்கள். தமிழ் இலக்கியத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் வறுமையைவிட முன்னதாகச் சம்பளப் பட்டுவாடாவுக்குத்தான் சொல்ல வேண்டும்.

பூமணியின் 'அஞ்ஞாடி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல் அது. தென் மாவட்டங்களின் சாதிக் கலவரங்களையும் பஞ்சங்களையும் குடிபெயர்வுகளையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. அப்படி ஒன்றை எழுத ஆவணக் காப்பகம் போக வேண்டும், ஊர் ஊராக அலைந்து முதியவர்களிடம் பேச வேண்டும், பல வருடம் வேறு வேலை பார்க்காமல் இருக்க வேண்டும். பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் அவருடைய ஆய்வுக்கு நல்கை அளித்தது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகான காலமும் அவருக்குக் கிடைத்தது. நாவல் 2012இல் வெளிவந்தது, 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஒரு நல்கையும் ஓய்வூதியமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே இருக்கும் சான்று இது. கி.ரா.வைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்து நாட்டார் கதைகளைத் திரட்டும் பணியைக் கொடுத்ததும் அப்படியே. பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு கரிசல் விவசாயிக்கு ஒரு பல்கலைக்கழகம் நாற்காலி போட்டது. நமக்குக் கதைக் களஞ்சியங்கள் கிடைத்தன.

"அப்படியானால் வசதி வந்த பிறகு நீர்த்துப்போனவர்கள் இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு என்ன ஆனது என்று கூர்ந்து பாருங்கள். வாராவாரம் தொடர்கதை எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரே நேரத்தில் மூன்று பத்திரிகைக்கு எழுத வேண்டும், படத்துக்கு வசனமும் எழுத வேண்டும். எழுத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாததால்தான் அப்படி எழுதினார்கள். நின்று யோசிக்க நேரம் கிடைக்காததால் எழுத்து நீர்த்தது. இதை வசதியின் கணக்கில் எழுதுவது தவறு. காசு போதாமையின் இன்னொரு முகம்தான் அதுவும்.

இந்த நம்பிக்கையின் அடிப்படைப் பிழை எண்ணிப் பார்க்கும் முறையில் இருக்கிறது. பட்டினி கிடந்தும் எழுதியவர்களை நாம் எண்ணுகிறோம். பட்டினியால் எழுதாமல் போனவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. கருகிப்போன வயலில் தப்பி நிற்கும் நாலு கதிரைக் காட்டி, வறட்சிதான் விளைச்சலைத் தருகிறது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். இலக்கியத்தில் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பெண்களின் விஷயத்தில் இது இன்னும் கடுமையானது. துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர் சல்மா. திருமணத்துக்குப் பிறகும் எழுதுவதற்குத் தடை. இரவில் குளியலறைக்குள் நின்று துண்டுத் தாள்களில் கவிதை எழுதி ஒளித்துவைத்தார். அவை அம்மா வழியாக வெளியே போய், புனைபெயரில் அச்சாயின. முதல் தொகுப்பு 2000இல் வந்தது, நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல். இந்தக் கதையைக் கேட்பவர்கள் உடனே சொல்வது: "அந்தச் சிறைதான் அவரைக் கவிஞராக்கியது." அந்தச் சிறை அந்த ஊரில் அவருக்கு மட்டுமா இருந்தது? அதே தெருவில், அதே வயதில், அதேபோல் ஜன்னலுக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட மற்றப் பெண்கள் எல்லோரையும் அது ஏன் கவிஞராக்கவில்லை? சல்மாவிடம் சொல் இருந்தது, விடாப்பிடி இருந்தது, புத்தகங்களின் மேல் பசி இருந்தது, தாள்களை வெளியே கொண்டுசேர்க்க ஒரு தாய் இருந்தார், அச்சிட ஆள் இருந்தார்கள். பூட்டிய கதவுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டியதில்லை. அந்தக் கதவு எத்தனை பேரை வாய்திறக்கவிடாமல் வைத்தது என்றுதான் கேட்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். "துன்பத்தை அனுபவிக்காதவர் துன்பத்தை எழுத முடியுமா? தலித் இலக்கியம் முழுவதும் பட்ட வலியிலிருந்து வந்ததுதானே? பாமாவின் 'கருக்கு' வலியில்லாமல் வந்திருக்குமா?" இதில் பாதி உண்மை. 'கருக்கு' 1992இல் வந்தபோது தமிழ்த் தன்வரலாற்றின் மொழியே மாறியது. அதில் உள்ள வலி கற்பனையால் செய்ய முடியாதது. ஆனால் அந்த வலி லட்சக்கணக்கானவர்கள் பட்ட வலி. பாமா அதை எழுத முடிந்ததற்கு வேறு சிலவும் தேவைப்பட்டன. நன்றாகப் படி, படித்து முன்னுக்கு வந்தால்தான் இந்த இழிவைத் தூக்கி எறிய முடியும் என்று சொன்ன அண்ணன் இருந்தார். பள்ளி, கல்லூரி, ஆசிரியர் வேலை இருந்தன. எழுதச் சொன்னவர்களும் நூலாக்கியவர்களும் இருந்தார்கள். வலி எழுத்துக்குப் பொருளைத் தரலாம். எழுதும் கையைத் தருவது கல்வியும் நேரமும் துணையும். பொருள் நம்மிடம் போதும் போதும் என்னும் அளவுக்குக் கொட்டிக் கிடக்கிறது. இந்த நாட்டில் துன்பத்துக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. தட்டுப்பாடெல்லாம் மற்றதற்குத்தான்.

மேலும், ஒருவர் தன் வலியை எழுதுவது அதை ஒழிப்பதற்காக. பாமாவோ, 'வடு' எழுதிய கே.ஏ. குணசேகரனோ தாங்கள் பட்டதை அடுத்த தலைமுறை படக் கூடாது என்றுதான் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு, "ஆகா, இப்படிப்பட்ட வாழ்க்கை அமைந்ததால்தான் இப்படி எழுத முடிந்தது" என்று நெகிழ்வது அந்தப் புத்தகங்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

குடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜி. நாகராஜனைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் குடித்துக் கிடந்த கதைகள்தான் முதலில் வரும். 'குறத்தி முடுக்கு', 'நாளை மற்றுமொரு நாளே' என்ற இரண்டு சிறிய நாவல்களிலும் சிறுகதைகளிலும் அவர் காட்டிய கணிதம் போன்ற கறாரான உரைநடையைப் பற்றி விரிவாகப் பேசுபவர்கள் குறைவு. கணக்கு ஆசிரியராகப் பெயர் வாங்கியவர் அவர். அந்தக் கறார் போதையில் வந்ததல்ல. அவர் எழுதியது இவ்வளவு குறைவாக இருப்பதற்குத்தான் போதை காரணம். அந்தக் குடிக் கதைகளைக் கேட்டு வளரும் இளம் எழுத்தாளர்கள், சீரழிவையே தகுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு ரசித்துச் சிரிக்க என்னால் முடியவில்லை.

இந்த நம்பிக்கையின் மறுபக்கத்தைப் பார்த்தால்தான் அதன் உண்மை வேலை புரியும். கலைஞர் தன் கஷ்டத்தைச் சொன்னால் கண்ணீர் விடுகிறோம். தன் காசைக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். இளையராஜாவின் இளமைக் காலம் நமக்கு மனப்பாடம். அண்ணன் பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாகப் பாடியது, பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்தது, வாய்ப்புத் தேடி அலைந்தது எல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அவரே 2017இல் தன் பாடல்களைக் கச்சேரிகளில் அனுமதி இல்லாமல் பாடக் கூடாது என்று வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியபோது, அதே ரசிகர்கள் "இவ்வளவு சம்பாதித்தவருக்கு இன்னும் காசு ஆசையா?" என்று கேட்டார்கள். அந்தச் சட்டப் பிரச்சினையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். நான் பார்ப்பது கோபத்தின் திசையை. ஏழை இளையராஜா நமக்கு வேண்டும். உரிமை கேட்கும் இளையராஜா வேண்டாம்.

அவருடைய தொடக்க காலத்தில்கூட நாம் கவனிக்க வேண்டியது வேறு. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் அவர் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல படங்களில் வேலை செய்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது அவர் வெறும் கிராமத்து ஆர்வலராக இல்லை. இசைக்குறிப்பு எழுதவும், முழு வாத்தியக் குழுவை வைத்து வேலை வாங்கவும் தெரிந்த தொழில்நுட்பக்காரராக இருந்தார். ஓர் ஆசிரியரும், சம்பளம் வரும் உதவியாளர் வேலையும் சேர்ந்து செய்தது அது. பசியின் கதையை நூறு முறை கேட்டுவிட்டோம். பாடம் எப்படி நடந்தது, ஒரு பின்னணி இசைக் கோவையை எத்தனை மணி நேரத்தில் எழுதினார், எதை எங்கே கற்றார் என்ற கேள்விகளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு இடம் கொடுத்திருந்தால், இன்று இசை கற்கும் பிள்ளைகளுக்குப் பெரிய பாடமாக இருந்திருக்கும்.

காசைப் பற்றிப் பேசும் கலைஞரை வெறுப்பது நமக்கு மட்டும் உரிய குணமில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் தபால் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே 47 நாவல்கள் எழுதியவர். காலை ஐந்தரைக்கு எழுதும் மேசையில் உட்காரத் தன்னை எழுப்பிவிடும் வேலைக்காரருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1883இல், அவருடைய தன்வரலாறு வெளியானது. அதில் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லி, எந்த நூலுக்கு எவ்வளவு வந்தது என்று பட்டியலும் போட்டிருந்தார். மொத்தம் 68,000 பவுண்டுக்கு மேல். விமர்சகர்கள் பலர் அதிர்ந்தார்கள், அவருடைய மதிப்பு சரிந்தது. எழுத்தில் எந்தக் குறையும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. எழுதுவது ஓர் உழைப்பு, அதற்குக் கூலி உண்டு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதுதான் குற்றமாயிற்று.

அந்தக் கூலியை இங்கே பார்ப்போம். தமிழில் ராயல்டி என்று பொதுவாகச் சொல்லப்படுவது விலையில் பத்து சதவீதம். 300 ரூபாய் விலையுள்ள நாவல் 500 பிரதி விற்றால் எழுத்தாளருக்கு 15,000 ரூபாய். மூன்று வருட உழைப்பு என்றால் மாதத்துக்குச் சுமார் 417 ரூபாய்தான். அதுவும் ராயல்டிக் கணக்கு ஒழுங்காக வந்தால். எத்தனை பிரதி அச்சிட்டார்கள், எத்தனை போயிற்று, நூலக ஆணை கிடைத்ததா என்று கேட்கும் எழுத்தாளரைப் பல இடங்களில் "இலக்கியவாதி இப்படியா பேசுவது?" என்ற பார்வையோடுதான் பார்க்கிறார்கள். கூட்டத்துக்குப் பேச அழைப்பவர்கள் சால்வை தருகிறார்கள், பஸ் கட்டணம் தருவதில்லை. சிற்றிதழில் சன்மானம் கேட்பது அநாகரிகம் என்ற நிலை. சிற்றிதழ்க்காரர்களும் கைக்காசைப் போட்டு நடத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் லாபத்தில் நடக்கும் பெரிய இடங்களும் அதே மரபைக் காட்டித் தப்பித்துக்கொள்கின்றன.

இங்கேதான் அந்த நம்பிக்கையின் பயன் தெரிகிறது. கஷ்டம்தான் கலையை வளர்க்கிறது என்றால், கலைஞருக்குக் காசு கொடுக்காமல் இருப்பது குற்றமாகாது, கலைக்குச் செய்யும் தொண்டாகிவிடுகிறது. பதிப்பாளர் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அரசு நல்கை கொடுக்க வேண்டியதில்லை. வாசகர் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, திருட்டு பிடிஎஃப் போதும். கலைஞர் செத்த பிறகு சிலை வைக்கலாம், நூல்களை நாட்டுடைமையாக்கலாம், ஒரு தொகையைக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். உயிரோடு இருக்கும்போது அவருக்குத் தர வேண்டியது கண்ணீர் மட்டும். இந்த நம்பிக்கை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் அது உண்மை என்பதல்ல. அது நம் எல்லோருக்கும் மலிவாக முடிகிறது.

இதைச் சொல்வதால் கலைஞர்கள் தங்கள் கஷ்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச வேண்டும். "படைப்பு பேசட்டும், படைப்பாளி வாயை மூடட்டும்" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பேசியதால் மாற்றம் வந்திருக்கிறது. 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் படத்துக்கு வெளியே தங்கள் பாடல் பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்க முடியாதபடி அது பாதுகாத்தது. அதற்காக மாநிலங்களவையில் வாதாடியவர் ஜாவேத் அக்தர் என்ற பாடலாசிரியர். அவரும் கலைஞர்களின் துயரத்தைத்தான் பேசினார். ஆனால் இரக்கம் கேட்டு நிற்கவில்லை, சட்டம் கேட்டார்.

ராஜம் கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். நீலகிரி படகர்களின் வாழ்க்கையை 'குறிஞ்சித்தேன்' ஆகவும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையை 'கரிப்பு மணிகள்' ஆகவும், தீப்பெட்டித் தொழிற்சாலைக் குழந்தைகளின் வாழ்க்கையைக் 'கூட்டுக் குஞ்சுகள்' ஆகவும் எழுதியவர். களத்துக்கே போய்த் தங்கிப் பேசி எழுதும் முறையைத் தமிழ் நாவலில் பிடிவாதமாகக் கடைப்பிடித்தவர். அந்த நாவல்களெல்லாம் பொறியாளரான கணவரின் துணையோடு வாழ்ந்த, நினைத்த இடத்துக்குப் பயணம் போக முடிந்த ஆண்டுகளில் வந்தவை. கணவர் மறைந்த பிறகு சொத்தை இழந்து, முதியோர் இல்லத்திலும் பிறகு மருத்துவமனையிலுமாகக் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். அந்த நிலை வெளியே தெரிந்ததால்தான் சிலர் ஓடி வந்தார்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமையாக்கியது. கஷ்டத்தைச் சொல்வதன் பயன் அதுதான். ஒரு நாவலாசிரியர் எண்பது வயதில் அப்படி நிற்க நேர்ந்ததில் உன்னதம் எதுவும் இல்லை. எழுத்தாளருக்கு ஓய்வூதியம் என்று ஓர் ஏற்பாடு ஒழுங்காக இல்லாத ஊரில் நடந்த சமூகத் தோல்வி அது.

ஆகவே கஷ்டத்தைப் பேசுவதில் தவறில்லை. அதை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நமக்கு அதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 'தண்ணீர் தண்ணீர்' நாடகம் எழுதிய கோமல் சுவாமிநாதன் தொண்ணூறுகளின் முற்பாதியில் ஆசிரியராக இருந்து நடத்திய 'சுபமங்களா'வில் மாதாமாதம் நீண்ட நேர்காணல்கள் வந்தன. எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் கலைஞர்களும் அதில் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். வாழ்க்கையும் வந்தது, கொள்கைச் சண்டையும் வந்தது, எழுத்தின் நுணுக்கமும் வந்தது. அவை பின்னர் நூலாகத் தொகுக்கப்பட்டு இன்றும் படிக்கப்படுகின்றன. கேள்வி கேட்டவர் எதிரே இருப்பவரின் நூல்களைப் படித்துவிட்டு வந்திருந்தார் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். அந்த ஒரு தகுதி இருந்தால் போதும், மீதியெல்லாம் தானாக வரும்.

பேட்டி எடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். அவருடைய புதிய நூலைப் படித்துவிட்டுப் போங்கள். அதைப் பற்றி முதலில் கேளுங்கள், கடைசியில் வேண்டாம். எந்த அத்தியாயத்தை எத்தனை முறை மாற்றி எழுதினார், எதை வெட்டினார், ஏன் என்று கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை மணிக்கு எழுதுகிறார், அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். ஆண் எழுத்தாளரிடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். சென்ற வருடம் ராயல்டி எவ்வளவு வந்தது, கணக்கு எழுத்தில் வந்ததா என்று கேளுங்கள். கஷ்டத்தைச் சொன்னால், அதற்கு யார் பொறுப்பு, எது இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கண் கலங்கினால் கேமராவைத் தள்ளி வையுங்கள்.

கலைஞர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் பசியை இனிமேல் பெருமையாகச் சொல்லாதீர்கள். நீங்கள் அப்படிச் சொல்லும்போது, இன்று எழுதத் தொடங்கும் ஓர் ஏழைப் பிள்ளைக்கு "நீயும் பசித்திரு" என்று சொல்கிறீர்கள். அவருக்குச் சம்பளமும் நூலகமும் நல்கையும் ஒழுங்கான ஒப்பந்தமும் கேட்கும் வாயை அடைக்கிறீர்கள். நீங்கள் எழுதியது பசியால் இல்லை. பசியைத் தாண்டி நீங்கள் கற்றது, உங்களுக்குக் கிடைத்த ஓர் ஆசிரியர், ஓர் அண்ணன், ஒரு தாய், ஒரு வேலை, விடியற்காலையின் இரண்டு மணி நேரம், இவற்றால்தான் எழுதினீர்கள். அந்தக் கடனை வறுமைக்குக் கொடுக்காமல் உரியவர்களுக்குச் செலுத்துங்கள். அப்போதுதான் அடுத்து வருகிறவர்களுக்கு எதை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இந்தச் சமூகத்துக்குத் தெரியும். தெரிந்த பிறகும் செய்யாவிட்டால் அந்தப் பழி நம்முடையது. அதைக் கலையின் விதி என்று சொல்லித் தப்பிக்க இனி இடம் இருக்கக் கூடாது.